துண்டுக்கு அடியில் வாங்கிய கார்

மிளகு விஷயத்தில் என்னை ஏமாற்றக்கூடியவன் மட்டாஞ்சேரியில் இன்னும் பிறக்கவில்லை என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. எழுபதுகளின் கடைசி. கொச்சங்காடியில் ஒரு மிளகுக் கிடங்கில் தரம் பார்ப்பது என் வேலை. சாக்கின் அடிவயிற்றில் குத்தூசியைக் குத்தி, வந்து விழும் மணிகளை உள்ளங்கையில் உருட்டி, முகர்ந்து, இரண்டைக் கடித்துத் துப்பிவிட்டு, 'போகும்', 'போகாது' என்று சொல்ல வேண்டும். பப்பாளி விதை கலந்த மிளகு, உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு மிளகு, பளபளப்புக்காக எண்ணெய் தடவிய மிளகு எதுவும் என்னிடம் தப்பாது. வேட்டி நுனியில் நான்கு மணியைத் தேய்த்தால் எண்ணெய் தானாக வெளியே வந்துவிடும். இந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு உலகத்தில் எதை வேண்டுமானாலும் பார்த்து வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது.

கார் வாங்கியது மனைவிக்காக என்றுதான் இன்றுவரை வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்கிறேன். அது பாதி உண்மை. அவள் எர்ணாகுளத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். தினமும் காலையில் மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகு ஏறிப் போய், சாயங்காலம் படகில் திரும்புவாள். ஒரு மழை நாளில் படகுக்கும் ஜெட்டிக்கும் நடுவே கால் சிக்கிக்கொண்டது. எலும்பு கூடிவிட்டது; இடது முழங்கால் மட்டும் மடங்க மறுத்துவிட்டது. கதவு இடுக்கில் கட்டை வைத்த மாதிரி கொஞ்சம் மடங்கும், அப்புறம் நின்றுவிடும். படகு என்றாலே முகம் வெளுத்தது. பஸ்ஸின் படியோ அவள் இடுப்பு உயரம். ஆட்டோவில் காலை வெளியே நீட்டிக்கொண்டு தினமும் எர்ணாகுளம் போக நாங்கள் ஏலக்காய் முதலாளிகள் அல்ல.

லீவு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் போய்வர ஒரு வழி பிறக்காவிட்டால் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். அவள் அதைப் பற்றி அழவில்லை, பேசவும் இல்லை. பக்கத்துக் கடையில் போன் மணி அடித்தால் மட்டும் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்புவாள். யாரோ எடுத்துப் பேச ஆரம்பித்த பிறகுதான் கை மறுபடி அசையும். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. "கார் வாங்கிரலாம்" என்று சொன்னேன். என் சேமிப்பும் அவள் சேமிப்பும் சேர்த்து ஒன்பதாயிரம் தேறியது. அதில் பெரிய பங்கு அவளுடையது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மீதிப் பாதி உண்மை இது. நான் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மலையிலிருந்து ஓர் எஸ்டேட் மேனேஜர் வருவார். தரையோடு தரையாக ஒரு சிவப்புக் கார், இரண்டே கதவு, கான்வாஸ் கூரை. அது வந்து நிற்கும் முன்னால் அதன் உறுமல் வந்து நிற்கும். சுமட்டுக்காரர்கள் சாக்கை முதுகில் வைத்தபடியே திரும்பிப் பார்ப்பார்கள். ஒருநாள் அந்த ஸ்டீயரிங்கில் நான் கை வைக்கப்போனபோது, மிளகுத் தூசி படிந்த கை என்று அவர் தட்டிவிட்டார். அன்றிலிருந்து எனக்குள்ளே அந்தக் கார் ஓடிக்கொண்டே இருந்தது. முப்பத்தேழு வயதில், வேட்டியைத் தூக்கிக் கட்டினால் தொப்பை முட்டும் நிலையில், 'ஸ்போர்ட்ஸ் கார்' என்ற வார்த்தையைக் கேட்டால் காது குளிர்ந்தது. ஆசை வெட்கம் அறியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

முதலில் ஓட்டத் தெரிய வேண்டுமே. எங்கள் கிடங்கு லாரியின் டிரைவர்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொடுத்தார், லாரியிலேயே. அதனால் இன்றைக்கும் நான் எந்த வண்டியைத் திருப்பினாலும் பின்னால் பத்து டன் மிளகு இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் திருப்புகிறேன்.

வண்டி பார்த்துக் கொடுக்க ஒரு புரோக்கர் இருந்தார். சீசனில் மிளகு புரோக்கர், சீசன் முடிந்தால் பழைய வண்டி புரோக்கர். நான் அவரைச் சேட்டன் என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். எதை விற்றாலும் அவருக்கு ஒரே முறைதான்: துண்டு. எங்கள் பஜாரில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இருவர் கை கோத்துக்கொள்வார்கள், மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். அதற்கடியில் விரலைப் பிடித்துப் பிடித்து விலை பேசுவார்கள். எத்தனை விரலோ அத்தனை ஆயிரம். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. கடைசியில் கட்டைவிரலை அழுத்தினால் வியாபாரம் முடிந்தது. அழுத்தின பிறகு மாற்றிப் பேசினவனுக்கு அதன்பின் பஜாரில் ஒருவரும் கை கொடுக்க மாட்டார்கள். என் வாக்கை நம்பி லோடு லோடாக மிளகு கப்பல் ஏறுகிறது. அந்தப் பெயர் போனால் என் சோறு போச்சு. என் மனைவிக்கும் இது புதிதில்லை. அவள் அப்பா இஞ்சிக் கிடங்கில் தராசுக்காரராக இருந்தவர். சின்ன வயதில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, துண்டுக்கு அடியில் கைகள் நெளிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாளாம்.

சேட்டன் முதலில் காட்டியது வைட்டிலாவில் ஓர் அம்பாசடர். டாக்ஸியாக ஓடி ரிடையர் ஆனது. என் மனைவி கதவைத் திறந்தாள், பின்பக்கமாகத் திரும்பி சீட்டில் உட்கார்ந்தாள், வலது காலை எடுத்து வைத்தாள், விறைத்த இடது காலையும் அப்படியே உள்ளே வீசி நீட்டிக்கொண்டாள். கதவைச் சாத்தினாள். மறுபடி திறந்து இறங்கினாள். யாரும் கை கொடுக்கவில்லை. விபத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"இது போதும்ங்க" என்றாள்.

போதுமா? தரம் பார்க்கிறவனைக் கூட்டி வந்துவிட்டு அவன் பார்ப்பதற்கு முன்னால் போதும் என்று சொல்லலாமா? வேட்டியை மடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். சாவியால் தரைத் தகட்டைச் சுரண்டி, கையளவு துரு எடுத்து வந்து காட்டினேன். "அடிச்சாக்குல ஈரம்" என்றேன், மிளகைக் கழிக்கிற அதே குரலில். சேட்டன், "அண்ணாச்சி, அது பாலிஷ் பேப்பர் இட்டாப் போகும்" என்றார். நான் கேட்கவில்லை. உண்மையில் துரு என்னைத் தடுக்கவில்லை. அதில் போனால் ரோட்டில் நிற்கிறவன் எல்லாம் கை காட்டி நிறுத்தி, தோப்பும்படிக்கு எவ்வளவு என்று கேட்பான். அது எனக்குப் பிடிக்கவில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. துருவை மட்டும் ஒரு காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன், சாட்சிக்கு.

அதற்குப் பிறகு நாலைந்து வண்டி பார்த்தோம். ஒவ்வொன்றிலும் அவள் ஏறி இறங்கினாள், நான் அடியில் படுத்து எழுந்தேன். எல்லாவற்றையும் கழித்துக் கட்டினேன். லீவு மூன்று வாரமாகத் தேய்ந்தது. அப்போதுதான் சேட்டன் ஒரு சாயாக்கடையில் வைத்து, ரகசியம் சொல்வதுபோல, "அண்ணாச்சி, இடக்கொச்சியில ஒரு வண்டி கிடப்புண்டு. வேறே ஜாதி" என்றார். சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

இடக்கொச்சியில் இறால் உரிக்கும் ஷெட் ஒன்று. அதன் ஓரத்தில் தார்ப்பாயை விலக்கினார்கள். இரண்டு கதவு. கான்வாஸ் கூரை. நிறம்தான் பச்சை, மற்றபடி என்னுடைய அதே கனவு, பத்து வயது கூடி, கண் ஒன்று மங்கி நின்றது. எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப்போவதில்லை. தப்பு அந்தக் கம்பெனியின் மேல் இல்லை.

என் வித்தையெல்லாம் காட்டினேன். வேட்டி நுனியால் பானெட்டைத் தேய்த்தேன், சாயம் வரவில்லை. அடியில் படுத்தேன், துரு இருந்தது, அம்பாசடரைவிட இரண்டு மடங்கு. 'கடல் காத்துன்னா கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்' என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். பெட்ரோல் ஒழுகுகிறதா என்று முகர்ந்தேன். சுற்றிலும் மலைமலையாக இறால் ஓடு. பத்து வகை மிளகைக் கண்ணை மூடிப் பிரிக்கிற என் மூக்குக்கு அன்று இறாலைத் தவிர ஒன்றும் எட்டவில்லை; ஒழுகல் மூன்றாம் நாள் எங்கள் வீட்டு வாசலில்தான் தெரிந்தது. பிறகு ஷெட் முதலாளி சாவியைத் திருப்பினார். அந்த உறுமல் வந்தது. இறால் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நிமிடத்திலேயே நான் விற்கப்பட்டுவிட்டேன்.

என் மனைவி கொஞ்சம் தள்ளி, யாரோ போட்ட ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சேட்டன் தோளிலிருந்த துண்டை எடுத்தார்.

"விலை மட்டும் கேட்கலாம்" என்று கையைக் கொடுத்தேன்.

துண்டுக்கு அடியில் அவர் என் விரல்களைப் பிடித்தார். ஐந்து, பிறகு நாலு. ஒன்பதாயிரம். நான் ஏழு பிடித்தேன். அவர் எட்டு. நான் மறுபடி ஏழு. அவர் என் காதோரம் குனிந்து, "ஆலப்புழையில நின்னு ஒரு பார்ட்டி உச்சைக்கு வரும்" என்றார். மத்தியானம் இன்னொருவன் வந்து இந்த வண்டியில் ஏறிப் போவதை நினைத்துப் பார்த்தேன். எட்டு பிடித்து, கட்டைவிரலை அழுத்தினேன். அழுத்தின பிறகுதான் மூச்சு வந்தது.

அதற்கப்புறம் நான் செய்தது இருக்கிறதே, அதை எழுத இவ்வளவு வருஷம் ஆயிற்று. அவள் பக்கம் திரும்பி, முகத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு, "வா, உட்கார்ந்து பார்த்துச் சொல்லு. உனக்குச் சரின்னாத்தான் வாங்குவோம்" என்றேன்.

அவள் எழுந்து வந்தாள். வண்டியை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள். கதவைத் திறந்து பின்பக்கமாகத் திரும்பினாள். சீட்டு அவள் எதிர்பார்த்ததைவிட ஒரு முழம் கீழே இருந்தது, தொப்பென்று விழுந்தாள். வலது கால் உள்ளே போயிற்று. இடது கால் கதவுச் சட்டத்தில் இடித்தது. இரண்டு கையாலும் தொடையைத் தூக்கி, உடம்பைக் கோணி, எப்படியோ உள்ளே கொண்டுபோனாள். டாஷ்போர்டுக்கு அடியில் பொருள் வைக்க ஒரு தட்டு இருந்தது. முழங்கால் அதில் முட்டி நின்றது. மேல் உதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. இடக்கொச்சியில் வெயில் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

"சரியாத்தான் இருக்கு" என்றாள். "கொஞ்சம் பழகணும்."

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் கதையைக் கேட்டு நான் நிறையச் சிரித்திருக்கிறேன். அவனாவது தன் வேட்டிக்குள் விட்டான்.

வீட்டுக்கு வந்த மறுநாள் ஒத்திகை பார்த்தோம். ஏறியவளால் இறங்க முடியவில்லை. நான் ஒரு கையைப் பிடித்து இழுக்க, எதிர்வீட்டு அக்கா இன்னொரு கையை இழுக்க, தெருவில் மிளகுச் சாக்கு ஏற்றி வந்த கைவண்டிகள் வரிசையாக நிற்க, சுமட்டுக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர், "அண்ணாச்சி, தலைகீழா ஏத்தி நோக்கியோ?" என்று கேட்டார். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவள் காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது முழங்காலைச் சுற்றி நீலமாகக் கன்றியிருந்தது. இடக்கொச்சியில் வாங்கிய கன்றல் அது. இரண்டு நாள் சேலைக்குள் மறைத்து வைத்திருக்கிறாள். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. 'விற்றுவிடுகிறேன்' என்று சொல்ல வாயெடுத்தேன். எட்டாயிரத்துக்கு வாங்கின வண்டியை இரண்டாம் நாள் எவன் எட்டாயிரத்துக்கு வாங்குவான்? லீவு இன்னும் பதினேழு நாள்.

வழி கண்டுபிடித்ததும் அவள்தான். வாசலில் நின்று வண்டியை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முன்னாடி சீட்டக் கழட்டிருங்க" என்றாள். பின்னால் பேருக்கு ஒரு சீட்டு உண்டு, பிள்ளைகள் உட்காருகிற அளவு. ஆனால் அது உயரமாக இருந்தது. என் பக்கத்துச் சீட்டைக் கழற்றி, கான்வாஸ் கூரையையும் மடக்கிவிட்டால், அவள் நின்றபடியே உள்ளே வந்து, பின் சீட்டில் உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டிக்கொள்ளலாம். ஒர்க்‌ஷாப்காரர் அரை மணியில் நாலு போல்ட்டைக் கழற்றினார். அவள் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். யாரும் கை கொடுக்கவில்லை.

அப்படியாக, என் கனவின் ஸ்போர்ட்ஸ் காரில் நான் சம்பளமில்லாத டிரைவர் ஆனேன். தினமும் காலையில் தோப்பும்படிப் பாலம் ஏறி, துறைமுக ஐலண்டு வழியாக எர்ணாகுளம். முன்னால் நான் மட்டும், பின்னால் அவள், நடுவில், கியர் கம்பிக்குப் பக்கத்தில், செருப்புப் போட்ட அவளுடைய இடது கால். நான் கியர் மாற்றும் நேரத்தில் அது நாகரிகமாகக் கொஞ்சம் ஒதுங்கும். பாலத்தில் சைக்கிள்காரர்கள், "எந்தா அண்ணாச்சி, பின்னில் மந்திரியோ?" என்று கேட்டுக்கொண்டே எங்களை முந்திப் போவார்கள். ஆமாம், முந்தித்தான் போவார்கள். மட்டாஞ்சேரித் தெருவில் எங்கள் வேகம் முன்னால் போகிற கைவண்டியின் வேகம். பாலத்திலாவது ஓட்டிக்காட்டலாம் என்றால், கொஞ்சம் அழுத்தினாலே அவள் கால் என் முழங்கையைத் தட்டும்.

ஜூன் பிறந்தால் வேடிக்கை. கூரையைப் போட்டால் அவளால் ஏற முடியாது. ஏறிய பிறகு போடலாம் என்றால் கான்வாஸ் இறால் வலை மாதிரி ஒழுகும். அதனால் மழைக்காலம் முழுவதும் அவள் குடை பிடித்துக்கொண்டு வருவாள், அதுவும் பெரிய கறுப்புக் குடை. எனக்கும் பாதி பிடிப்பாள். என் வழுக்கைக்கு மேலே குடை, காதுக்குப் பக்கத்தில் அவள் குரல், கைக்குப் பக்கத்தில் அவள் கால். அந்த உறுமலைக் கேட்டு ஆட்கள் இன்னும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்ததும் சிரித்தார்கள். எக்ஸ்சேஞ்ச் வாசலில் இறங்கி, குடையை மடக்கி, காலை இழுத்து இழுத்து அவள் படியேறுவதை நான் தினமும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். ஒருநாள்கூட அவள் லேட்டாகப் போனதில்லை.

கழற்றின சீட்டு எங்கள் முன்னறையில் நாற்காலி ஆயிற்று. சாயங்காலம் அதில் உட்கார்ந்துதான் நான் பேப்பர் படிப்பேன். தரையோடு தரையாக இருக்கும். எழுந்திருக்க எனக்கே ஒரு கை வேண்டியிருந்தது. அவள்தான் கொடுப்பாள்.

எட்டு வருஷம் ஓடியது. எண்பதுகளின் நடுவில் சின்னச் சின்னப் புதுக் கார்கள் தெருவுக்கு வந்தன. அவளுக்கும் சூப்பர்வைசராகப் பிரமோஷன் வந்து, கடன் போட்டு ஒன்று வாங்க முடிந்தது. நாலு கதவு, நல்ல உயரம். தேர்ந்தெடுக்க என்னை அவள் கூப்பிடவில்லை. பச்சை வண்டியை விற்க அதே சேட்டனுக்குச் சொல்லியனுப்பினோம். நரைத்துப்போய் வந்தார். கூடவே கல்லூரி முடித்த ஒரு பையன்; முன் சீட்டு ஒன்று இல்லாத அந்த வண்டியை, நான் முன்னொரு காலத்தில் பார்த்த அதே கண்ணால் பார்த்தான். அவனுக்காகப் பேச வந்த சேட்டன் துண்டை எடுத்து என்னிடம் கையை நீட்டினார்.

"இந்தத் தடவை நான்" என்றாள் என் மனைவி.

சேட்டன் நீட்டின கையை இழுத்துக்கொண்டார். பெண்ணின் விரலைத் துண்டுக்கு அடியில் பிடித்து விலை பேசுவது பஜாரில் இல்லாத வழக்கம். "சேச்சி, அது சரியாவில்லா" என்று தடுமாறினார். கடைசியில் துண்டை எங்களிடமே கொடுத்துவிட்டார். "நிங்கள் ரெண்டாளும் ஆலோசிச்சு ஒரு விலை சொல்லு. ஞான் சாயா குடிச்சிட்டு வராம்" என்று பையனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

அவள் என் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டாள். விளையாட்டுக்கு என்று நினைத்து நான் சிரித்தேன். அவள் விரல்கள் என் விரல்களைப் பிடித்தன. ஐந்து, பிறகு மூன்று. எட்டு. பிறகு என் கட்டைவிரலை அழுத்தினாள், மெதுவாக, ரொம்ப நேரம்.

"இடக்கொச்சியில இப்படித்தானே அழுத்தினீங்க" என்றாள். "நான் ஏறிப் பாக்குறதுக்கு முன்னாடி."

எட்டு வருஷம். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"துண்டுக்கு அடியில கட்டைவிரல் அழுந்தினா தோள்பட்டை இறங்கும். எங்க அப்பா கிடங்குல எத்தனை பார்த்திருக்கேன்."

"பின்ன எதுக்கு ஏறினே? சரியா இருக்குன்னு ஏன் சொன்னே?"

"கை கொடுத்துட்டீங்க. நான் சரியில்லன்னு சொல்லி, நீங்க மாத்திப் பேசினா, அப்புறம் யாரு உங்களுக்குக் கை கொடுப்பாங்க?"

குத்தூசி பிடித்து இருபது வருஷம் மிளகை உருட்டிப் பார்த்தவன் நான். பக்கத்தில் இருந்ததை ஒரு தடவையாவது கையில் எடுத்துப் பார்த்தேனா? மன்னித்துவிடு என்று சொல்லத் தோன்றியது. துண்டுக்கு அடியில் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

சேட்டன் சாயாக்கடையிலிருந்து திரும்பி வந்து, துண்டு இன்னும் மூடியே இருப்பதைப் பார்த்தார்.

"எந்தா, இதுவரை தீர்ந்தில்லே?" என்று கேட்டார்.

"இல்ல சேட்டா" என்றேன். "இன்னொரு சாயா குடிச்சிட்டு வாங்க."